எங்கள் கடை வாசலில் நின்ற பாக்கியம் அம்மாள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் கடைக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் ஏறி நின்றார். தலையைக்கூடத் துடைக்காமல், "அம்மா தவறிட்டாங்க மொதலாளி" என்றார்.

"எந்த அம்மா?" என்று கேட்டார் அப்பா.

வந்தவர் ஒரு கணம் அப்பாவையே பார்த்தார். "எங்க மாமியாரு. பாக்கியம்."

காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். விடியற்காலையில் உயிர் போய்விட்டதாம். அப்பா எழுந்து, சாவு வீட்டுக்கு வேண்டிய அரிசி, கற்பூரம், ஊதுவத்தி எல்லாவற்றையும் தாமே கட்டிக் கொடுத்தார். வந்தவர் சாமானை வாங்கிக்கொண்டு போனார். பிறகு அப்பா என்னைப் பார்க்காமல், "அம்மான்னதும் எனக்கு யார் யாரோ ஞாபகத்துக்கு வந்தாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான். தினமும் பார்த்த ஒரு முகம், "அம்மா" என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை.

நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். காஜா பெராங் சாலையை விடியுமுன் பெருக்கியவர். சேலைக்கு மேலே முனிசிபல் கொடுத்த காக்கிச் சட்டை, வெற்றிலை போட்ட வாய், அரைச் சாலைக்குக் கேட்கும் சிரிப்பு. இந்தக் கட்டுரையில் அவரைப் பாக்கியம் அம்மாள் என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் அவரை அப்படி அழைத்ததில்லை. அவர் என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் நான் "பாக்கியம்" என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. ஆனா பேரு போடாத" என்றார்.

"யாரு பேர, அப்பா?"

"எம் பேரத்தான்."

பெயர் போடவில்லை. ஆனால் காஜா பெராங்கில் எங்கள் கடையைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

எங்கள் கடையில் அரிசி வாங்க வருகிறவர்கள் முதலில் மூட்டைக்குள் கை விடுவார்கள். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, தவிட்டை ஊதிவிட்டு, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். பிறகுதான் விலை பேச்சு. இது நம் ஊர்ப் பழக்கம். கை விடாமல் அரிசி வாங்குகிறவர்களை அப்பா, "சோறு சாப்பிடத் தெரியாத ஆளு" என்று கேலி செய்வார். ஆனால் பாக்கியம் அம்மாளுக்கும், அவர் குடியிருந்த முனிசிபல் லயத்து வரிசை வீடுகளின் மற்றப் பெண்களுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் படி ஏறி உள்ளே வருவதில்லை. அஞ்சடியின் ஓரத்தில் ஒரு மரச் சோப்புப் பெட்டி கவிழ்த்து வைத்திருக்கும். அப்பா கிழிந்த காகிதம் ஒன்றில் கொஞ்சம் அரிசியைப் போட்டு அந்தப் பெட்டியின் மேல் வைப்பார். அவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்கள். சாமானும் அங்கேதான். காசும் அங்கேதான்.

அப்பா கெட்டவர் அல்ல. எடையில் ஏமாற்றியதில்லை, யாரையும் அதட்டியதில்லை. பெட்டியைப் பற்றி அவர் சொன்ன விளக்கத்தை நான் பல வருடம் நம்பியிருந்தேன். "பாவம், வேல செஞ்சு களைச்சு வருதுங்க. கூட்டத்துல நிக்க வேணாம்னு தனியா எடம் வச்சிருக்கேன்." அதை ஒரு சலுகை என்றுதான் அவரும் நினைத்தார்.

ஒருநாள் அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. காகிதத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பாக்கியம் அம்மாள், "மொதலாளி, இந்த வண்டு மூட்டைக்குள்ளதான குடியிருக்கு?" என்றார்.

"ஆமா, மழைக் காலம். என்ன செய்யிறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அதுக்கு மட்டும் யாரு உள்ள போக உத்தரவு குடுத்தாங்கன்னுதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடமும் சொல்லி இன்னொரு முறை சிரித்தார். "பாக்கியத்துக்கு வாயி ரொம்ப!" நானும் சேர்ந்து சிரித்தேன். அது வேடிக்கைப் பேச்சு அல்ல என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு காலை, நடந்துகொண்டே படிக்கும் என் வழக்கத்தால் பள்ளிக்கூடத்து நூலகப் புத்தகம் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அழுதுகொண்டே பள்ளிக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால், சோப்புப் பெட்டியின் மேல் அந்தப் புத்தகம். பாக்கியம் அம்மாள்தான் அதை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்திருக்கிறார். நான் வரும்வரை சாலைக்கு எதிர்ப்புறம் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையை நீட்டினேன்; நன்றி சொல்ல அவர் கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றியது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்பா பாக்குறாரு பாப்பா. பொஸ்தகம் அங்க இருக்கு, எடுத்துக்க" என்றார். எங்கள் வீட்டு விதியை எங்களுக்காக அவர் காப்பாற்றினார்.

இனி அந்தப் புதுக் கடை விஷயம். மெர்டேக்கா வந்து, வெள்ளைக்காரர்கள் போய்ச் சில வருடங்களிலேயே நம் சாலை முனையில் பழைய மரக்கடைகளை இடித்துக் கண்ணாடி வைத்துக் கட்டத் தொடங்கினார்கள் அல்லவா? சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றின் கிளை என்றார்கள். உள்ளே குளிர் காற்று வருமாம், வாங்குகிறவர்களே அலமாரித் தட்டிலிருந்து சாமானை எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாமாம். வேண்டுமா, வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு சண்டை. அம்மாவுக்கும் சித்திக்கும் இரண்டு வாரம் பேச்சு இல்லை. கடைக்காரர்கள் சேர்ந்து முனிசிபலுக்கு ஒரு மனுப் போடுவது என்றும், அதற்கு முன்னால் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் கூட்டம் நடத்துவது என்றும் முடிவாயிற்று. முன்னின்று நடத்தியவர் அப்பா.

"நாமளே பேசினா நம்ம பொழப்புக்குப் பேசுறோம்னு சொல்லுவாங்க. சாமான் வாங்குறவங்க பேசணும்" என்று அவருக்கு ஒரு யோசனை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பாக்கியம் அம்மாளை. இதைவிடப் பெரிய தவறு ஒன்றை எங்கள் அப்பாவைத் தவிர வேறு யாரும் இவ்வளவு சந்தோஷமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

"நம்ம கடையப் பத்தி ரெண்டு வார்த்த பேசணும் பாக்கியம். எத்தன வருஷமா வாங்குற!"

"நானா? கூட்டத்துலயா? என்ன பேசணும் மொதலாளி?"

"உள்ளதப் பேசு. அது போதும்."

"உள்ளதத்தானே? பேசிடுறேன்."

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. செட்டி கம்போங்கிலிருந்து தேவன் பிள்ளை அங்கிளும் வந்திருந்தார். கோயிலுக்கு நம்மோடு வருகிறவர்தான், ஆனால் பல தலைமுறையாக அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், தமிழ் தெரியாது. அவருக்கு மலாயில் சொல்லிக்கொண்டே இரு என்று அப்பா என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மெர்டேக்கா வாங்கினது எதுக்கு? வெள்ளக்காரன கப்பல் ஏத்திட்டு, சிங்கப்பூர்க்காரனுக்கு மால போடவா?" என்று ஒருவர் கத்தினார்.

"மால போட்டாலும் அந்த மாலையும் அவன் கடையிலதான் வாங்கணும் லா!" என்றார் எங்களுக்கு அடுத்த கடையில் மிளகாய், மல்லி விற்கும் சாகுல் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா நன்றாகப் பேசினார். "அந்தக் கடையில உங்க பேரு யாருக்காவது தெரியுமா? புள்ளைக்குக் காய்ச்சலான்னு கேப்பானா? மாசக் கடைசியில கடன் குடுப்பானா? நம்ம கடை அப்படியில்ல. நம்ம கடையில எல்லாரும் ஒரு குடும்பம்." கைதட்டல். நான் அதையெல்லாம் மலாயில் சொன்னேன். தேவன் பிள்ளை அங்கிள் தலையாட்டினார்.

பிறகு பாக்கியம் அம்மாளை எழுந்து பேசச் சொன்னார்கள். அவர் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வரவில்லை, அங்கிருந்தே பேசினார்.

"மொதலாளி நல்லவரு. அளவுல ஒரு நாளும் கொறச்சதில்ல. எம் மவ பிரசவத்துக்கு நல்லெண்ண சும்மாவே குடுத்தாரு. அத மறக்க மாட்டேன். உள்ளதப் பேசச் சொன்னாரு, பேசுறேன். இத்தன வருஷம் அவரு கடை அரிசியத்தான் திங்குறேன். ஆனா அந்த மூட்டைக்குள்ள கைய விட்டா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. குளுகுளுன்னு இருக்கும்னு சொல்றாங்க. புதுக் கடையில நாமளே எடுத்துக்கலாமாம். ஒரு தடவ போய்ப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தேவன் பிள்ளை அங்கிள் என் பக்கம் குனிந்து, அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்.

தமிழில் இந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. "அவங்க வழக்கம்", "நம்ம முறை" என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். என்னுடைய மலாயில் அந்தச் சொற்கள் இல்லை. என் அப்பாவின் கடையில் இந்த அம்மா அரிசியைத் தொடக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதையே சொன்னேன். அமைதியாக இருந்த மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

"கெனாப்பா தா போலே?" என்றார் அவர். ஏன் கூடாது? நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். "அவருக்கு ஏதாவது நோயா?" என்று அக்கறையோடு கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மேடையிலிருந்த கூட்டத் தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் பாக்கியம் அம்மாளே சந்தை மலாயில், "நோயெல்லாம் இல்ல துவான், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கும்பிட்டு வெளியே போனார்.

மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடைக்குள் கால் வைக்க மாட்டோம் என்று கையும் தூக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா சாகுல் மாமாவிடம், "இத்தன பேரு முன்னாடி எம் மானத்த வாங்கிட்டா" என்றார்.

"அவங்க எங்க வாங்கினாங்கண்ணே? உள்ளதப் பேசுன்னு சொன்னது நீங்க."

"உங்க கடையில மட்டும் என்ன வாழுதாம்?"

"எங் கடையில அவங்க மொளகாய கையால அள்ளித்தான் பாப்பாங்க. அவங்களுக்கு ஒரு தடவ தும்மல் வந்துச்சு. வேற ஒண்ணும் ஆகல."

அதற்குப் பிறகு சில வாரங்கள் பாக்கியம் அம்மாள் கடைப் பக்கம் வரவில்லை. "யாரோ தூண்டிவிட்டிருக்காங்க" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் அப்பா "ம்" கொட்டினார். மனுவுக்குப் பதில் வரவில்லை. கண்ணாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. ஒரு காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அஞ்சடியில் சோப்புப் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் சிமெண்டு வேறு நிறமாக இருந்தது. அப்பா மனம் மாறி எடுத்தாரா, வாடிக்கை போய்விடும் என்று எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்.

அன்று சாலையைப் பெருக்கிக்கொண்டு வந்த பாக்கியம் அம்மாள் நின்று பார்த்தார். "என்ன மொதலாளி, எம் பெட்டியக் காணோம்?"

அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, "உள்ள வா" என்றார்.

அவர் வரவில்லை. "வேல செஞ்ச அழுக்கோட இருக்கேன். குளிச்சிட்டு ஒரு நாளு வாறேன்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடந்தார்.

புதுக் கடை திறந்தது. நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். உள்ளே நுழைந்தால், கை தூக்கிய கடைக்காரர்களின் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பால் டின் வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன பாப்பா, அப்பா கடையில சாமான் தீந்து போச்சா?"

பாக்கியம் அம்மாள்! நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார். சவர்க்காரத்தை முகர்ந்தார், வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் பின்னாலேயே போனேன். கடைசியில் அரிசி வரிசைக்கு வந்தோம். அங்கே மூட்டை இல்லை. காகிதப் பைகள், வாயை நூல் போட்டுத் தைத்து அடுக்கியிருந்தார்கள். அவர் ஒரு பையை அழுத்திப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க யாருமே கை விட முடியாது போலிருக்கே! பரவால்ல பாப்பா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வச்சிருக்கான்."

ஆனால் அந்தப் பையை அவர் வாங்கவில்லை. "அரிசியப் பாக்காம வாங்குறதா? அப்பாகிட்ட சொல்லு, நான் வாறேன்னு. அவசரப்பட வேணாம்னும் சொல்லு. அவரு அந்தப் பெட்டிய எடுக்க இத்தன வருஷம் எடுத்துக்கிட்டாரு. நான் கொஞ்ச நாளு எடுத்துக்குறேன்."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அந்தக் கடைக்குள் நீ ஏன் போனாய் என்று கேட்கவில்லை. மறுநாள் நல்ல அரிசி மூட்டை ஒன்றை உள்ளேயிருந்து நகர்த்தி, வாசலுக்கு நேரே வைத்து, வாயைச் சுருட்டிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் அதையே செய்தார். சாலையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பார். பாக்கியம் அம்மாள் கையசைப்பார், போய்விடுவார். பிறகு மழை வந்தது. காய்ச்சல் வந்தது. அந்தச் சனிக்கிழமையும் வந்தது.

சாவுக்கு நம் சாலைக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்து, லயத்துக்கு வெளியே, தார்ச்சாலையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் அவர்களோடு நின்றார். நான் அப்பாவின் குடைக்குள் நின்றேன். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. யாரும் எங்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் நின்றோம்.

வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் அவருடைய மகள் வசந்தா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நேரே அப்பாவிடம் வந்து, "உள்ள வாங்க மொதலாளி. நீங்களும் போடுங்க. உங்க கடை அரிசிதான்" என்றாள். குத்திக் காட்டும் குரல் அல்ல அது. பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அரிசி ஒரு பித்தளைத் தட்டில் இருந்தது. லயத்தில் இருந்த ஒவ்வொருவரும் அதில் கைவிட்டு எடுத்திருந்தார்கள். தட்டை அப்பாவிடம் நீட்டினார்கள். அப்பாவின் கை தட்டுக்கு மேலே நின்றுவிட்டது. அவர் யாருடைய உத்தரவுக்கோ காத்திருப்பது போல இருந்தது. அந்த வீட்டில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் அவருக்குத் தனியாக ஒரு காகிதத்தில் அரிசியை எடுத்து வைக்கவில்லை. "எடுங்க மொதலாளி" என்றாள் வசந்தா மறுபடியும். அப்பா அள்ளினார். பாதி அரிசி பாயில் சிந்தியது. "பரவால்ல, பரவால்ல" என்று ஒரு கிழவி அதைப் பொறுக்கித் தட்டிலேயே போட்டாள். பிறகு என் முறை. என் வாழ்க்கையில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அப்போதுதான்.

மறைந்தவர்களிடமிருந்து நமக்கு எது மிஞ்சுகிறது என்று இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில் எழுதுவார்கள். பாக்கியம் அம்மாளின் சிரிப்பையும் வாய்த்துடுக்கையும் வைத்துக்கொள்ள வசந்தா இருக்கிறாள், உரிமை அவளுக்குத்தான். எனக்கு மிஞ்சியிருப்பது வெட்கம். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து அம்மா நேற்று, "கொஞ்ச நாள் போனா எல்லாம் மறந்துடும்டி" என்றாள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். மறந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதி, உங்கள் கையில் கொடுக்கிறேன்.